நாராயணம்மாவுக்கு ஒரு வருஷச் சந்தா

கன்னட எல்லையை ஒட்டிய பாகலூரில் சென்னகிருஷ்ணன் என்றால் இரண்டு ஆள். காலை பத்து மணி வரைக்கும் போஸ்ட் மாஸ்டர். பத்து அடித்தால் ஆரம்பப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். சாயங்காலம் நாலரைக்கு மறுபடியும் போஸ்ட் மாஸ்டர். அந்தக் காலத்தில் சின்ன ஊர்த் தபாலாபீசெல்லாம் அப்படித்தான். வாத்தியார் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு முத்திரைக் கட்டை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், அவ்வளவுதான் சர்க்கார்.

மனிதருக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. ரயில் நின்று போகிற ஊரை விட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே என்று முதல் வருஷம் முழுக்கப் புலம்பினார். பிறகு பழகிவிட்டது. காய் வாங்கத் தெலுங்கு, பஸ்காரனிடம் சண்டை போடக் கன்னடம், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கத் தமிழ் என்று மூன்றும் அவர் வாயில் சரளமாகப் புரண்டன. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நல்லவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தான் நல்லவர் என்பது நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று ஒரு நமைச்சல் அவருக்கு உண்டு. இந்தக் கதை அந்த நமைச்சலால் வந்த வினை.

ஐம்பத்தேழாம் வருஷம் கார்த்திகையில் அவர் மகள் காவேரிக்கு இழுப்பு வந்தது. ஏழு வயசுப் பிள்ளை. பாகலூர்க் குளிர் எலும்பைத் தொட்டுப் பார்க்கிற குளிர். பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துவிட்டுப் போன நாராயணம்மா, நாலாம் நாள் கழுத்து மூடுகிற மாதிரி ஒரு நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்து காவேரிக்குப் போட்டுவிட்டாள். கூலி என்று வாயெடுத்த சென்னகிருஷ்ணனை, "அட போங்க மேஷ்ட்ரே, கொழந்தைக்குப் போட்டதுக்கு என்னாத்துக்குக் கூலி" என்று அடக்கிவிட்டாள். மேஷ்ட்ரே என்றால் வாத்தியாரே. எல்லைப் பக்கத்து ஜனங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாராயணம்மா யார் என்று சொல்ல வேண்டுமே. எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூர்ப் பெண், பாகலூரில் வாழ்க்கைப்பட்டவள். வயசு நாற்பது இருக்கும். கலியாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயா வேலை பார்த்தாள். அந்த வீட்டுத் துரைசானி பொழுது போகாமல் கற்றுக்கொடுத்ததுதான் இந்த ஸ்வெட்டர் வித்தை. புருஷன் போன பிறகு சோறு போட்டது அதுதான். ஆனால் ஸ்வெட்டருக்குக் கிராக்கி குளிர்காலம் நாலு மாசம். மீதி எட்டு மாசம் ராகிக் கொல்லையில் குனிந்து களை எடுத்தாள். முதுகு வலி தாங்காமல் ராத்திரி சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள் என்று பக்கத்து வீட்டு முனிலட்சுமி சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வழி திறந்தது. பாகலூரில் மாதர் சங்கம் வைக்கப் போகிறார்கள், பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும், மாசச் சம்பளம் என்று கிருஷ்ணகிரியிலிருந்து மாதர் நல அதிகாரி சரோஜம்மாள் வந்து சொன்னார். சென்னகிருஷ்ணன்தான் நாராயணம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அதிகாரியம்மா அவள் பின்னிய உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதப் படிக்கத் தெரியணும்னு ரூல் இருக்கும்மா, தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்மா" என்றாள் நாராயணம்மா. "நான் பொறுப்பு" என்றார் சென்னகிருஷ்ணன். தை மாசம் சங்கம் திறக்கிற அன்றைக்கே உத்தரவைக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சரோஜம்மாள் சொல்லிவிட்டுப் போனார். நாராயணம்மா அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனாள். இனி பன்னிரண்டு மாசமும் நிழலில் உட்கார்ந்து பிழைக்கலாம் இல்லையா!

இதோடு சென்னகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? சங்கம் திறக்கிற அன்றைக்கு நாராயணம்மாவுக்கு ஏதாவது பரிசு கொடுக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

"ஒரு சேலை எடுத்துக் குடுங்க" என்றாள் அவர் மனைவி நாகம்மா.

"சேலை யாரு வேணாலும் குடுப்பாங்க. நான் வாத்தியாரு. பத்திரிகைக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி அவங்க பேருக்கு வரவெக்கப் போறேன். வாரா வாரம் புதுசு புதுசா பின்னல் மாதிரி பாத்துக்கலாம்."

நாகம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

எந்தப் பத்திரிகை? அதற்கு அவர் எங்கேயும் அலையவேண்டியதில்லை. ஊருக்கு வருகிற பத்திரிகையெல்லாம் அவர் மேஜை மேல்தானே வந்து விழுகிறது. காகித உறையிலிருந்து நோகாமல் உருவி, முழுக்கப் புரட்டி, நோகாமல் உள்ளே தள்ளி, மறுநாள் பட்டுவாடாவுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். இது தப்பில்லையா என்று கேட்டால், "கடுதாசியைப் பிரிச்சாத்தான் தப்பு" என்பார். அப்படி உருவிப் பார்த்ததில் மூன்று தேறின. பெரிய பண்ணைக்காரர் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் மாசப் பத்திரிகை ஒன்று, பக்கம் பக்கமாக ஸ்வெட்டர் படம். சென்னையிலிருந்து வரும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று, அதில் கடைசியில் ஒரே ஒரு பின்னல் பக்கம். மூன்றாவது, பெங்களூர்க் கன்னடப் பத்திரிகை.

"மேஷ்ட்ரே, பின்னல்னா இந்தக் கன்னடத்துலதான் ஜாஸ்தி வருது. நாலு பக்கம் போடறான். இதையே அவங்களுக்கு எழுதிடுங்களேன்" என்றான் தபால்காரன் முனிசாமி, முத்திரை குத்திக்கொண்டே.

"ஏன்யா, மாதர் சங்கத்துக்கு டீச்சரா போறவங்களுக்குக் கன்னடப் பத்திரிகையா? அதிகாரியம்மா என்ன நெனப்பாங்க? நீ உன் வேலையைப் பாரு."

முனிசாமி தன் வேலையைப் பார்த்தான்.

உண்மையை உடைத்துச் சொன்னால், அதிகாரியம்மா என்ன நினைப்பார் என்பது பாதிக் காரணம்தான். அந்தத் தமிழ் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. கதாநாயகி ஆற்றில் குதித்துவிட்டாள், பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் சென்னகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை அந்தப் பத்திரிகை வாங்கிக்கொண்டிருந்த மிலிட்டரிக்காரர் சந்தாவை நிறுத்திவிட்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். நாராயணம்மாவுக்குச் சந்தா கட்டினால் வாரா வாரம் மேஜைக்கு வரும், உருவிப் படிக்கலாம். பரிசு அவளுக்கு, கதை இவருக்கு. இதை அவர் தனக்குத்தானே கூட அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

தை பிறந்தது. பள்ளிக்கூடத்திலேயே சங்கத் திறப்பு. பெஞ்சுகளை ஓரம் தள்ளி ஜமக்காளம் விரித்து ஐம்பது அறுபது பெண்கள். வாசலில் வேடிக்கை பார்க்க ஆண்கள். சரோஜம்மாள் பைலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உத்தரவு அதற்குள்ளே இருந்தது, கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. நாராயணம்மா வெளுத்துக் கட்டிய சேலையில், ஊசியையும் நூல் பந்தையும் மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள்.

சென்னகிருஷ்ணன் எழுந்து பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் முதல் இதழை எடுத்து நாராயணம்மா கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு விட்டிருந்தால்? விடவில்லை. தான் தேர்ந்தெடுத்த ஆள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அதிகாரியம்மாவுக்குக் காட்டவேண்டாமா!

"நாராயணம்மா, அந்தப் பின்னல் பக்கத்தை எடுத்துக் கொஞ்சம் உரக்கப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு குழந்தைக் குல்லாவின் படம் இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "குல்லா அழகா இருக்குது மேஷ்ட்ரே" என்றாள்.

"படத்தை விடுங்க. கீழ எழுதியிருக்குதே, அதைப் படிங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வேண்டாம், இதோடு நிறுத்துங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பழகிய வாத்தியாருக்கு அது புரிந்திருக்க வேண்டும். அவரோ, "கூச்சப்படாதீங்க, உம்" என்று சிரித்தார்.

அவள் விரல் படத்தை விட்டு எழுத்துக்கு இறங்கி, மறுபடியும் படத்துக்கே போனது. சரோஜம்மாள் முன்னால் சாய்ந்து, "என்னம்மா, படிக்கத் தெரியாதா? அன்னைக்குத் தெரியும்னு சொன்னீங்களே?" என்றார்.

"இல்லம்மா, தமிழு..." என்று நாராயணம்மா ஆரம்பித்தாள்.

அவளை முடிக்க விட்டாரா மனிதர்? பொறுப்பு நான் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பது பேர் பார்க்கிறார்கள். "என்கிட்டயும் தெரியும்னுதாம்மா சொன்னாங்க. நானே கேட்டேன், அடிச்சுச் சொன்னாங்க. நானும் ஏமாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் அவளிடம் ஒரு நாளும் கேட்டதே இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாராயணம்மா பத்திரிகையை மேஜை மேல் வைத்தாள். ஊசியில் நூலைச் சுற்றி மடியில் செருகிக்கொண்டு எழுந்து, பெண்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனாள். "பொய் சொல்லி வேலைக்கு வரப் பாத்தாளே" என்று யாரோ சொன்னது வாசல் வரை கேட்டது. சரோஜம்மாள் பைலைக் கட்டினார்.

சாயங்காலம் தபாலாபீசில் சென்னகிருஷ்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "படிக்கத் தெரியாதவங்க ஏன்யா தெரியும்னு சொல்லணும்?" என்றார் முனிசாமியிடம். அப்போதும் அவள் மேல்தான் குற்றம்.

"யாரு சொன்னா படிக்கத் தெரியாதுன்னு?" முனிசாமிக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தார். "மாலூர் ஸ்கூல்ல நாலாவது வரைக்கும் கன்னடம் படிச்சவங்க. எனக்கே பெங்களூர் விலாசம் புரியலைன்னா அவங்ககிட்டத்தான் கேட்டுக்குவேன்." சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து பார்சல் ரிஜிஸ்டரை எடுத்து மேஜை மேல் விரித்தான். நாராயணம்மாவுக்குப் பெங்களூரிலிருந்து உல்லன் நூல் பார்சலில் வரும். வாங்கிக்கொண்டதற்கு அவள் போட்ட கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம், வருஷத்துக்கு வருஷம். அழகான கன்னடத்தில் முழுப் பெயர். ஒவ்வொன்றுக்கும் கீழே சென்னகிருஷ்ணனின் சுருக்குக் கையெழுத்து.

"இத்தினி வருசமா இது என்னான்னு நெனச்சீங்க மேஷ்ட்ரே?"

கிறுக்கல் என்று நினைத்திருந்தார். கையெழுத்துச் சரியாக வராத பெண்பிள்ளை ஏதோ கிறுக்குகிறாள், போகட்டும் என்று நினைத்திருந்தார். அதை முனிசாமியிடம் எப்படிச் சொல்வது? மூன்று பாஷை பேசுகிற ஊரில், யாருக்கு எந்த எழுத்து வரும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தமிழ் இவ்வளவு சரளமாகப் பேசுகிறாளே, படிக்காமலா இருப்பாள் என்று எடுத்துக்கொண்டார். அதிகாரியம்மா எழுதப் படிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார், எந்த எழுத்து என்று கேட்கவில்லை. அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அன்றைக்கு அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் பொய் சொன்னான். சென்னகிருஷ்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, உடனே ஓடிப்போய்ச் சரி செய்தாரா? அங்கேதான் எனக்கு அவர் மேல் ஆத்திரம் வருகிறது. அதிகாரியம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நாராயணம்மாவுக்குக் கன்னடம் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்ற வரி மட்டும் பேனாவிலிருந்து இறங்கவில்லை. எழுதினார், கிழித்தார். நாளைக்கு என்றார். தலைமை ஆசிரியர் பொய் சொன்னான் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் தெரிந்தால் வேலை என்ன ஆவது என்று பயந்தார். நாராயணம்மா எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினார்.

ஆனால் சந்தா விடுமா? வாரா வாரம் வியாழக்கிழமை பையைக் கொட்டினால் மேலாகவே வந்து விழும். திருமதி நாராயணம்மா, பாகலூர். அவரே பார்த்துப் பார்த்துக் கொடுத்த விலாசம். ஆற்றில் குதித்தவள் என்ன ஆனாள் என்று அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை. உறையைத் தொடவே கை கூசியது. முதல் வாரம் முனிசாமி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததும், "வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கிட்டாங்க. அன்னைக்குப் பாத்த அந்தக் குல்லாவை, படத்தை ஒரு தடவை பாத்ததை வெச்சே போட்டுட்டாங்க. கீழ எழுதியிருக்கறதெல்லாம் பின்னத் தெரியாதவங்களுக்குத்தானாம், பின்னல் கண்ணியை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு வேணாமாம்."

"என்னைப் பத்தி ஏதாச்சும்?"

"ஒண்ணும் சொல்லலை."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. நாகம்மா வேறு காவேரிக்கு ஸ்வெட்டரை மாட்டும்போதெல்லாம் அவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை தாங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓசூர் போய் பஸ் மாறிக் கிருஷ்ணகிரி போனார். சரோஜம்மாள் எதிரில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், தன் பொய்யையும் சேர்த்து. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை.

"கன்னடம்னாலும் எழுத்துதானே சார். உங்க ஊர்ப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அதுதானே வசதி. மேல எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருப்பேன். மனசு கேக்காம மூணு வாரம் அந்த இடத்தைக் காலியாத்தான் வெச்சிருந்தேன், நீங்க ஏதாவது எழுதுவீங்களோன்னு. போன திங்கக்கிழமைதான் ஓசூர்ப் பொண்ணு ஒண்ணைப் போட்டோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று வாரம், மூன்று வாரம் என்று அதுதான் அவர் மண்டைக்குள் ஓடியது. ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். தபாலாபீசையே வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற மனிதர்.

மாசி கடைசியில் ஒரு காலை வேளை. ஜன்னலுக்கு வெளியே கார்டு வாங்க, மணியார்டர் கேட்க என்று நாலைந்து பேர். முனிசாமி பட்டுவாடாவுக்குப் போய்விட்டான். சென்னகிருஷ்ணன் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது கம்பிக்கு நடுவே ஒரு காகிதம் நீண்டது. ஊசி பிடித்துக் காய்த்த கை. நிமிர்ந்தார், நாராயணம்மா. அன்றைக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர்.

"மாலூர் மகிளா சமாஜத்துல, அதான் அங்கத்த மாதர் சங்கம், பின்னல் டீச்சர் வேலை சொல்லியிருக்காங்க மேஷ்ட்ரே. இன்னைக்கே இதைக் கொண்டாந்து குடுக்கணுமாம். இருக்கற ஊர் வாத்தியார் கையெழுத்து வேணுமாம். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

காகிதம் முழுக்கக் கன்னடம். உருண்டை உருண்டையாக, வரி பிசகாமல், அவளே எழுதியது. சென்னகிருஷ்ணன் அதை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நாள் முழுக்கக் கன்னடம் பேசுகிறவர்தான். ஆனால் ஒரு எழுத்து தெரியாது. இத்தனை வருஷமும் விலாசம் படித்தது முனிசாமி. படித்ததுபோலப் பாவனை செய்து கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற சென்றாயன், "என்ன சார், இன்னும் படிச்சு முடியலையா?" என்றான். காது மடல் கொதித்தது. அன்றைக்கு அந்த அறையில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு உடம்பிலேயே தெரிந்தது. இத்தனை நாளும் தெரிந்தது போல நினைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கன்னடம் படிக்க வராது நாராயணம்மா" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

அவள் சிரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் எல்லார் எதிரிலும் கொண்டுவந்து நீட்டினாளா, எனக்குத் தெரியாது. காகிதத்தை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். பெயர், ஊர், வயசு, நாலாவது வரைக்கும் படிப்பு. பிறகு, "கன்னடம் எழுதப் படிக்க வரும். தெலுங்கு, தமிழ் பேச மட்டும் வரும், எழுத்து வராது. இதை நானே முன்னாடியே சொல்லிக்கிறேன்" என்று இருந்தது.

"மாலூர்ல தமிழ் வருமான்னு யாரும் கேக்கப் போறதில்லையே. இதை எதுக்கு எழுதுனீங்க?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"கேக்கமாட்டாங்கதான். நாளைக்கு யாராவது எனக்கு நல்லது பண்றேன்னு வந்துடக் கூடாதில்ல மேஷ்ட்ரே."

சென்னகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "இந்தம்மா அன்னைக்குப் பொய் சொல்லலை. நான் இவங்களை ஒண்ணும் கேக்கவே இல்லை. கேட்டேன்னு சொன்னேனே, அதுதான் பொய்" என்றார். சென்றாயன் தலையைச் சொறிந்தான்.

நாராயணம்மா காகிதத்தை மறுபடியும் கம்பிக்குள் நீட்டினாள்.

"கையெழுத்தைப் போடுங்க மேஷ்ட்ரே. பஸ் போயிடும்."